தங்கம் விலைக்குப் பக்கத்தில் துவரம்பருப்பு விலையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் பெண்கள் பக்கத்தில் பலசரக்குச் செலவைக் குறைப்பதற்கான குறிப்புகள் அவ்வப்போது வருகின்றன. ஒன்றாம் தேதி பட்டியல் போடுங்கள், மாதத்துக்கு ஒரே தடவையாக வாங்குங்கள், பெரிய பாக்கெட்டாக எடுங்கள், கடன் சொல்லாதீர்கள், பசியோடு கடைக்குப் போகாதீர்கள். எழுதுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இதெல்லாம் மாதச் சம்பளம் வருகிற வீட்டுக்கான யோசனைகள். எங்கள் வீட்டில் ஒன்றாம் தேதி வந்தால் வாடகைதான் போகும், எதுவும் வராது.

நான் மதுரை வில்லாபுரத்தில் வீட்டிலேயே தையல் தைக்கிறேன். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பெரும்பாலும் கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் மூட்டை ஏற்றி, திருப்பரங்குன்றம், அவனியாபுரம் பக்கத்துச் சின்னக் கடைகளில் இறக்குகிற வேலை. சரக்கு இருந்தால் ஓட்டம், இல்லாவிட்டால் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கடைகள் அவருக்குச் சனிக்கிழமை கணக்குத் தீர்க்கின்றன. என் வருமானம் பொங்கல், தீபாவளி, பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம், அப்புறம் கல்யாண முகூர்த்தங்களை நம்பி இருக்கிறது. மாமியார், கல்லூரிக்குப் போகும் மகள், பள்ளிக்குப் போகும் மகன், நாங்கள் இருவர் என ஐந்து வாய். எங்கள் தெருவில் பாதி வீடுகள் இப்படித்தான். எங்களுக்குத் திட்டம் என்றால் வாரத் திட்டம்தான். சனிக்கிழமை சாயங்காலம் போட்டு, அடுத்த சனிக்கிழமை வரை இழுக்க வேண்டியது.

வாரத்துக்கு 2,000 ரூபாய் என்று ஒதுக்குகிறேன். அரிசி மூட்டைக்கான பங்கும் இதில்தான் அடக்கம். பால், பலசரக்கு, காய், ஞாயிற்றுக்கிழமைக் கறி அல்லது மீன் எல்லாம் போக முந்நூறு ரூபாயாவது தையல் மிஷின் டிராயரில் விழ வேண்டும். அந்த முந்நூறு எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ரேஷன் கடை. அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சீனி கிலோ 25 ரூபாய். வெளிக்கடை விலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த நான்கும் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ரேஷன் அரிசியை வாங்குவதே கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற வீடுகள் எங்கள் தெருவிலும் உண்டு. சத்து சேர்த்துச் செறிவூட்டிய அரிசி வர ஆரம்பித்ததும், நூற்றுக்கு ஒன்றாகக் கலந்திருந்த அந்தத் தனி அரிசியைப் பார்த்துவிட்டு பிளாஸ்டிக் அரிசி என்று புரளி வேறு கிளம்பியது. நான் அந்த அரிசியை இட்லிக்கும் தோசைக்கும் வைத்துக்கொள்கிறேன். நாலு பங்கு ரேஷன் அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. அரிசிக்குக் காசில்லை என்றால், காலைப் பலகாரத்தின் செலவு என்பது உளுந்தின் விலையும் கரண்ட்டும்தான். அதனால் உளுந்து விலை ஏறுகிறதா இறங்குகிறதா என்று நான் பார்க்கிற பார்வை, நகைக்கடை வைத்திருப்பவர் தங்கம் விலையைப் பார்க்கிற பார்வைக்குக் குறைந்ததல்ல.

மத்தியானச் சோற்றுக்கு மட்டும் வெளியில் அரிசி. அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பெயர் அச்சிட்டுக் கட்டிய அரிசிப் பைக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. அதற்கு மேல் எடை இருந்தால் வரி கிடையாது. உடனே கடைகளுக்கு 26 கிலோ பை வந்துவிட்டது. 1,500 ரூபாய் அரிசிக்கு 75 ரூபாய் வரி என்றால் எங்களுக்கு அது ஒரு வாரக் கீரையும் தேங்காயும். ஆனால் 26 கிலோ எடுக்க ஒரே சமயத்தில் மொத்தப் பணம் வேண்டும். அது இல்லாதவர்தான் 5 கிலோ, 10 கிலோ பையாக வாங்கி, வரியையும் சேர்த்துக் கொடுக்கிறார். எங்கள் காம்பவுண்டில் இரண்டு வீடு சேர்ந்து ஒரு பை எடுத்து எடை போட்டுப் பிரித்துக்கொள்கிறோம். இப்படி ஒரு யோசனையை உங்கள் குறிப்புகளில் நான் பார்த்ததில்லை.

கடன் சொல்லாதீர்கள் என்பதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். தெருமுனைப் பலசரக்குக் கடையில் எங்களுக்குப் பற்று நோட்டு உண்டு. அங்கே எதை எடுத்தாலும் கீழமாசி வீதியைவிடக் கூடத்தான் இருக்கும். அந்தக் கூடுதல்தான் வட்டி என்று எனக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஓட்டமே இல்லாமல் வண்டி நின்றபோது வீட்டில் உலை கொதித்தது அந்த நோட்டினால்தான். அந்தக் கடையை விட்டுவிட்டு எல்லாவற்றையும் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கினால், கஷ்டக் காலத்தில் சூப்பர் மார்க்கெட் நோட்டு போடுமா? ஆகவே தேங்காய், கறிவேப்பிலை, வெல்லம், அவசரத்துக்குத் தீர்ந்துபோன சீரகம் கடுகெல்லாம் அங்கேதான். கணக்கைச் சனிக்கிழமை தீர்த்துவிடுவேன். எண்ணெய், பருப்பு, உளுந்து மட்டும் கீழமாசி வீதி. எடை கூடுதலாக வாங்குகிற பொருளில்தான் விலை வித்தியாசம் கையில் தெரியும். கடுகில் என்ன மிச்சம் வந்துவிடப்போகிறது?

கீழமாசி வீதிக்குப் போய்வருவதே முன்பெல்லாம் யோசிக்கிற காரியம். மிச்சப்படுகிற இருபது ரூபாயை பஸ் டிக்கெட் தின்றுவிடும். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனபிறகு கணக்கு மாறிவிட்டது. அந்தத் திட்டத்தைப் பற்றி வேலைக்குப் போகிற பெண்களை வைத்துத்தான் நிறைய எழுதுகிறார்கள். பலசரக்கு வாங்குகிற பெண்ணுக்கு அது செய்த உதவியையும் யாராவது எழுதலாம். பத்து கிராம் கூடக் குறையப் பேசாமல் தெருமுனையில் வாங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா இப்போது பழங்காநத்தம் உழவர் சந்தைக்கு ஏழு மணிக்குள் போய்விடுகிறார். உழவர் சந்தை முதன்முதலில் தொடங்கியதே எங்கள் மதுரை அண்ணா நகரில்தான், 1999 நவம்பர் 14-ஆம் தேதி. அங்கே எனக்குப் பிடித்தது விலைப் பலகை. மொத்த விலையைவிடக் கொஞ்சம் கூட, வெளிச் சில்லறை விலையைவிடக் கொஞ்சம் குறைவாக என்று காலையிலேயே விலையை முடிவு செய்து எழுதிவிடுவார்கள். பலகையைப் படித்துவிட்டு உள்ளே போகிறவளுக்கு, இந்த வாரம் வெஞ்சனம் என்ன என்று வாசலிலேயே முடிவாகிவிடும். கத்திரிக்காய் கூடினால் பூசணி, பூசணியும் கூடினால் கீரையும் மொச்சையும். வீட்டில் உட்கார்ந்து காய்ப் பட்டியல் எழுதிக்கொண்டு போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இத்தனை ரூபாய் என்று மட்டும் முடிவு செய்துகொண்டு போனால் போதும். என்ன காய் என்பதைப் பலகை சொல்லட்டும்.

பலசரக்குக்கு அப்படி ஒரு பலகை இல்லை என்பதுதான் என் கஷ்டம். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கடையில் போய்ப் பாக்கெட்டைப் பாருங்கள். எண்ணெயில் 1 லிட்டர் பாக்கெட் பக்கத்திலேயே 850 மில்லி, 800 மில்லி என்று ஏறக்குறைய அதே உயரத்தில் இன்னொன்று நிற்கிறது. சில பாக்கெட்டில் மில்லி பெரிதாகத் தெரிகிறது, சிலவற்றில் கிராம். லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் என்பது தெரியாதவர் ஒன்றோடு ஒன்றை ஒப்பிடவே முடியாது. ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று பாக்கெட்டிலேயே அச்சடிக்க வேண்டும் என்று சில வருஷங்களுக்கு முன் விதி வந்தது. நல்ல விதி. ஆனால் கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராம் விலைதான் போடுகிறார்கள், அதையும் இரண்டு தசமத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கிராம் 0.19 ரூபாய் என்று இருக்கும். கிலோ 186 ரூபாயானாலும் 0.19, கிலோ 194 ரூபாயானாலும் அதே 0.19. எட்டு ரூபாய் வித்தியாசம் அந்தப் புள்ளிக்குள் மறைந்துபோகிறது. அதுவும் கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில். ஊசியில் நூல் கோக்கிற எனக்கே அதைப் படிக்கச் சிரமம், என் மாமியார் என்ன செய்வார்?

பெரிய பாக்கெட் வாங்கினால் லாபம் என்பதும் எப்போதும் உண்மையில்லை. ஷாம்பூவில் ஒரு ரூபாய் சாஷேயில் எத்தனை மில்லி என்று பார்த்து, பெரிய பாட்டிலோடு கணக்குப் போட்டுப் பாருங்கள். பல சமயம் சாஷேதான் மலிவாக இருக்கும். பிஸ்கட்டில் 5 ரூபாய், 10 ரூபாய் என்ற விலை அப்படியே நிற்கும், உள்ளே இருக்கிற கிராம்தான் கூடிக் குறையும். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி பிஸ்கட், சோப்பு, ஷாம்பூ, பற்பசை எல்லாவற்றுக்கும் வரியை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தபோது நான் விலையைப் பார்க்கவில்லை, எடையைத்தான் பார்த்தேன். முன்பு எத்தனை கிராம் இருந்தது என்பதை எழுதி வைத்திருந்ததால் அது முடிந்தது.

ஆமாம், எழுதி வைக்கிறேன். அளவு எழுதும் பழைய தையல் நோட்டின் பின்பக்கத்தில் துவரம்பருப்பு, உளுந்து, கடலைப்பருப்பு, கடலெண்ணெய், நல்லெண்ணெய், மிளகாய் வத்தல், மல்லி, புளி, பூண்டு என்று கிலோ விலையை வாராவாரம் குறிக்கிறேன். இதற்கு எனக்குக் கிடைக்கிற பெரிய உதவி உங்கள் பத்திரிகைதான். விருதுநகர் சந்தை விலை நிலவரம் என்று போடுகிறீர்களே, அதை நான் தவறாமல் வெட்டி வைப்பேன். அது வியாபாரிகளுக்காகப் போடுவது. பருப்பு நூறு கிலோ மூட்டைக்கு இவ்வளவு, எண்ணெய் 15 கிலோ டின்னுக்கு இவ்வளவு என்று இருக்கும். மூட்டை விலையில் இரண்டு பூஜ்யத்தைத் தட்டிவிட்டால் கிலோ விலை. எண்ணெய்க்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். டின் 2,700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோ 180, லிட்டருக்குச் சுமார் 164. இதற்கு மேல் கடைக்காரர் லாபம், ஏற்றுக்கூலி, வண்டி வாடகை எல்லாம் உண்டு, எங்கள் வீடே அந்த வாடகையில்தான் ஓடுகிறது. ஆனால் மொத்த விலை இரண்டு வாரமாக இறங்கிக்கொண்டே இருந்தும் கடையில் பழைய விலை சொன்னால், விருதுநகரில் இறங்கிவிட்டதே அண்ணாச்சி என்று கேட்க முடிகிறது. கேட்டதற்காகக் குறைத்திருக்கிறார்கள். குறைக்காத கடையில் அந்த வாரம் அரைக் கிலோவோடு நிறுத்திக்கொள்வேன்.

விலை தெரிந்தால் வருஷத்தையும் திட்டம் போட முடியும். புதுத் துவரை கர்நாடகத்துக் கலபுரகி, மகாராஷ்டிரா பக்கம் தை மாசியில் சந்தைக்கு வரும். டெல்டாவில் நெல் அறுத்த வயலில் விதைத்த உளுந்து பங்குனி சித்திரையில் வரும். ராமநாதபுரம் முண்டு வத்தலும் புதுப் புளியும் மாசி தொடங்கிக் கோடைவரை. இப்போதுதான் அந்தத் தையல் மிஷின் டிராயர் திறக்கும். வாரம் முந்நூறாகச் சேர்ந்ததோடு பொங்கல் தையல் காசையும் போட்டு, ஒரு வருஷத்துக்குப் புளி, வத்தல், மல்லி, மஞ்சள் வாங்கிவிடுவோம். கொட்டைப் புளியாக வாங்கினால் விலை குறைவு. மாமியாரும் எதிர் வீட்டுப் பாட்டியும் திண்ணையில் உட்கார்ந்து கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்துவிடுவார்கள். வத்தலை மொட்டை மாடி வெயிலில் காயவைத்து மில்லில் திரித்தால், பாக்கெட் மசாலா வாங்குகிற பேச்சே கிடையாது. பருப்பை மட்டும் மூன்று மாதத்துக்கு மேல் வைப்பதில்லை. வண்டு விழுந்தால் மிச்சம் பிடித்த காசைப் புடைத்துக் கொட்ட வேண்டியதுதான்.

ஆனால் எப்போது வாங்குவது என்பதில்தான் பத்திரிகை எங்களைக் கைவிடுகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டியபோது எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கம். சென்னையில் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றதும் முதல் பக்கம். விலை அடியோடு விழுந்தால் விவசாயி சாலையோரம் கொட்டுகிற படம். இரண்டுக்கும் நடுவில், கிலோ பதினைந்துக்கு வருகிற வாரத்தில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு வேண்டியது அந்த வாரம்தான். அப்போது ஐந்து கிலோ வாங்கித் தொக்குக் கிண்டிவிடுவேன். 2015-இல் துவரம்பருப்பு 200 ரூபாயைத் தொட்டபோதும் இப்படித்தான், ஏறுகிற சத்தம் கேட்டது, இறங்கிய சேதி கடைக்காரருக்கு மட்டும் தெரிந்திருந்தது. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியதைப் பெரிதாகப் போட்டீர்கள். நாலு வாரம்கூட ஆகவில்லை, மே 23-ஆம் தேதி தடையை எடுத்துவிட்டார்கள். முதல் செய்தியைப் பார்த்து எங்கள் தெருவில் எண்ணெய் வாங்கி அடுக்கியவர்கள் பலர்.

தங்கம் விலை தினமும் வருகிறது, கிராமுக்கு, சவரனுக்கு, நேற்றைவிட இன்று எவ்வளவு என்று. எங்கள் தெருவில் வருஷத்துக்கு ஒரு முறையாவது தங்கம் வாங்குகிற வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். வாரா வாரம் துவரம்பருப்பு வாங்காத வீடு ஒன்றுகூட இல்லை. கோயம்பேடு காய் விலையும் வருகிறது. அது சென்னை மொத்த விலை, மதுரைக்காரி அதை வைத்து என்ன செய்வாள்?

இதற்காக நீங்கள் புதிதாக ஊர் சுற்றவும் வேண்டாம். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை நாடு முழுக்க 550-க்கும் மேற்பட்ட மையங்களில் 38 பொருள்களின் விலையை தினமும் சேகரித்து இணையத்தில் போடுகிறது என்று பி.காம் படிக்கிற என் மகள் காட்டினாள். அங்கே அது ஆங்கிலத்தில், அட்டவணைக்குள் அட்டவணையாகக் கிடக்கிறது. செல்போன் வைத்திருக்கிற எல்லோரும் அதைத் தேடிப் படித்துவிட மாட்டார்கள். மகள் பொறுமையாகப் பார்த்தும் எங்கள் தெருவுக்கு வேண்டியதைப் பிரித்தெடுக்க ஒரு சாயங்காலம் ஆனது. உங்கள் ஊர் நிருபர் சனிக்கிழமைக்கு முந்தின நாள் கீழமாசி வீதியில் இரண்டு கடை, தெருக்கடை ஒன்று, சூப்பர் மார்க்கெட் ஒன்று என்று விசாரித்தாலும் போதும். கடைப் பெயர் போட வேண்டாம். எந்த விலையிலிருந்து எந்த விலை வரை என்று தெரிந்தால் சரி.

எனக்குத் தோன்றிய பொருள்கள்: துவரம்பருப்பு, உளுந்து, கடலைப்பருப்பு, பாசிப்பருப்பு, கடலெண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தேங்காய் எண்ணெய், வத்தல், மல்லி, புளி, பூண்டு, பொன்னி அரிசி, சீனி. எல்லாமே கிலோவுக்கு, எண்ணெய் லிட்டருக்கு. போன வாரம் என்ன, போன வருஷம் இதே வாரம் என்ன என்று இரண்டு கட்டம் பக்கத்தில். எழுத்து மாமியார் படிக்கிற அளவில் இருக்கட்டும். சனிக்கிழமை காலைப் பதிப்பில் வந்தால் நல்லது. வாரக் கூலி அன்றைக்குத்தான் கைக்கு வருகிறது, அன்று சாயங்காலமே கடைக்குப் போகிறோம். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் 15-ஆம் தேதியை ஒட்டி வருவதால், அந்த வாரம் மட்டும் அரிசி மூட்டை விலையையும் கொஞ்சம் விரிவாகப் போடலாம். எங்கள் காம்பவுண்டில் அந்தக் காசையும் சேர்த்துத்தான் மூட்டை எடுக்கிறோம்.

இடமில்லை என்று சொல்வீர்களானால், விருதுநகர் நிலவரத்துக்குக் கீழேயே இரண்டு வரி சேர்த்து, மூட்டை விலையைக் கிலோவுக்கும் டின் விலையை லிட்டருக்கும் மாற்றிப் போட்டாலும் இப்போதைக்குப் போதும். மகளும் நானும் இதுவரை எழுதிய நோட்டு வேண்டுமென்றால் தருகிறேன். கையெழுத்து சுமார்தான், கணக்கு சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வில்லாபுரம், மதுரை.